கையைச் சுட்ட எண்ணெய்

ஒரத்தநாட்டைப் பற்றி எழுத உட்காருகிறவர்கள் பெரும்பாலும் முத்தாம்பாள் சத்திரத்தில்தான் ஆரம்பிக்கிறார்கள். நியாயந்தான். இரண்டாம் சரபோஜி மன்னர் தம் அன்புக்கு உரியவளின் பெயரால் கட்டிவைத்த அந்தச் சத்திரத்தினால் ஊருக்கே முத்தாம்பாள்புரம் என்று இன்னொரு பெயர் உண்டாயிற்று. ராமேசுவர யாத்திரை போகிறவர்களுக்குச் சோறு போட்ட இடம். சரபோஜியைப் பற்றியும் முத்தாம்பாளைப் பற்றியும் சொல்ல நிறைய இருக்கிறது. ஆனால் நான் சொல்ல வந்தது வேறு விஷயம். அதற்குச் சத்திரத்தை விட்டு மேற்கே, கந்தர்வகோட்டைப் பக்கமாகக் கொஞ்ச தூரம் போக வேண்டும்.

தஞ்சாவூர் ஜில்லா என்றாலே வெளியூர்க்காரர்களுக்கு வாய்க்காலும் வரப்பும் நாற்றங்காலுந்தான் கண்முன் வரும். ஒரத்தநாடு அந்தப் படத்துக்குள் முழுதாக அடங்குகிற ஊர் அல்ல. ஒரு கால் நஞ்சையிலும் மற்றொரு கால் செம்மண் மேட்டிலும் ஊன்றி நிற்கிற ஊர் அது. 1934ஆம் வருஷம் மேட்டூர் அணை கட்டி முடிந்து, கல்லணைக் கால்வாய் வெட்டப்பட்ட பிறகுதான் இந்தப் பக்கத்துக்குக் காவேரித் தண்ணீர் ஒழுங்காக வந்து சேர்ந்தது. ஜனங்கள் அதற்கு வைத்த பெயரே சாட்சி: புது ஆறு. அதற்கு முன் ஏரியையும் மழையையும் நம்பியிருந்த பூமி. புது ஆற்றுத் தண்ணீர் பாய்ந்த இடமெல்லாம் நெல்லாயிற்று. தண்ணீர் ஏற முடியாத மேடு மேடாகவே நின்றுவிட்டது. செம்புறாங்கல் தலைகாட்டும் அந்தத் தரையில் நிலக்கடலை போடுவார்கள், தைலமரம் வைப்பார்கள், இல்லாவிட்டால் முந்திரி.

முந்திரிப் பருப்பின் பெருமையை நான் பேசப் போவதில்லை. பாயசத்தில் மிதக்கும்போது அது தன் பெருமையைத் தானே பேசிக்கொள்கிறது. பருப்பை எடுத்துக்கொண்டு நாம் தூக்கி எறிகிறோமே அந்த ஓடு, அதற்குள் இருக்கும் கறுத்த எண்ணெய், அதன் சரித்திரந்தான் இது. அந்த எண்ணெய் ஒரு வகைப் பிசினாகி, பஸ்ஸின் பிரேக்குக்குள் புகுந்துகொண்டு, நீங்களும் நானும் பத்திரமாக ஊர் போய்ச் சேருவதற்குக் காரணமாக இருக்கிறது என்று சொன்னால் சிலர் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு மேலே படிக்கலாம்.

முந்திரி நம்முடைய மரம் அல்ல. பிரேசில் தேசத்து மரம். அதைக் கண்டு முதலில் எழுதி வைத்த ஐரோப்பியர்களில் ஒருவர் ஆந்த்ரே தெவே என்ற பிரெஞ்சுப் பாதிரியார். அவருடைய புத்தகம் வந்தது 1558இல். கோவாவில் இருந்துகொண்டு இந்தியாவின் மூலிகைகளைப் பற்றி விரிவாக எழுதிய கார்சியா த ஓர்த்தா 1563இல் தம் நூலை அச்சிட்டபோது முந்திரியைப் பற்றிப் பேசவில்லை. பதினைந்து வருஷம் கழித்து, 1578இல், கிறிஸ்தோபல் அக்கோஸ்தா எழுதுகிறபோது கொச்சியின் தோட்டங்களில் முந்திரி நிற்கிறது. ஆகவே போர்த்துக்கீசியர் எந்தக் காலத்தை ஒட்டி இந்த மரத்தை இங்கே கொண்டுவந்தார்கள் என்பதை ஒருவாறு யூகித்துக்கொள்ளலாம். நூறு வருஷத்துக்குப் பின் டச்சுக்காரர்கள் வெளியிட்ட 'ஹோர்த்துஸ் மலபாரிகுஸ்' என்ற பெரும் தாவர நூலில் அதற்குக் கப்பமாவு என்று பெயர். கப்பலில் வந்த மா. மலையாளத்தில் பறங்கிமாவு என்றும் சொல்வதுண்டு. மரம் எந்த வழியாக வந்தது என்பதைப் பெயரிலேயே எழுதிவைத்துவிட்டார்கள். தமிழில் நாம் பழத்துக்கு வெளியே முந்திக்கொண்டு நிற்கும் கொட்டையைப் பார்த்துப் பெயர் வைத்தோம் என்பார்கள். முந்திரிக்கொட்டை என்று மனிதர்களைத் திட்டுகிற வழக்கம் இந்த விளக்கத்துக்குப் பக்கபலம்.

மரந்தான் புதிதே தவிர, அதன் குணம் நமக்குப் புதிது அல்ல. அதற்கு ஒரு தாயாதி இங்கே ஏற்கெனவே இருந்தது. சேராங்கொட்டை. சலவைத் தொழிலாளிகள் துணிக்குக் குறி போட்டார்களே, அந்தக் கொட்டை. அதன் பால் பட்டால் துணியில் அழியாத கறை. தோலில் பட்டால் கொப்புளம். சித்த வைத்தியர்கள் அதைச் சுத்தி செய்யாமல் தொடமாட்டார்கள். இரண்டும் ஒரே குடும்பம் என்பதை ஐரோப்பியத் தாவர சாஸ்திரிகளும் கண்டுகொண்டார்கள். சேராங்கொட்டைக்கு வழங்கிவந்த அனகார்டியம் என்ற பெயரைத்தான் லின்னேயஸ் எடுத்து முந்திரிக்கு வைத்தார். மாமரமும் அதே குடும்பந்தான். மாங்காய்ப் பால் பட்டு உதட்டோரம் புண்ணாகாத தமிழ்க் குழந்தை உண்டா? சீனத்திலும் ஜப்பானிலும் மரச்சாமான்களுக்குப் பூசுகிற புகழ்பெற்ற அரக்குப் பூச்சு வடிகிற மரமும் அந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. அந்தப் பால் காற்றுப் பட்டு இறுகிவிட்டால் பிறகு நெருப்பில் காட்டினாலும் உருகாது. பல ஆயிரம் வருஷமாக மனிதன் கையாண்டு வருகிற, இறுகியபின் இளகாத பிசின் அது. கையைப் புண்ணாக்குகிற குணமும், இறுகி நிற்கிற குணமும் இந்த வம்சத்தில் சேர்ந்தே வருகின்றன. இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். பீனால் என்கிற கார்பாலிக் இனத்துப் பொருள்கள்.

தஞ்சாவூரிலிருந்து புதுக்கோட்டை போகிற சாலையில் ஆதனக்கோட்டை என்று ஓர் ஊர். சாலையோரத்தில் கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு பெண்கள் முந்திரிக்கொட்டை வறுத்துப் பருப்பெடுத்து விற்பார்கள். முந்திரிக்குப் பேர்போன ஊர். வாணலியில் கொட்டையைக் கொட்டி அடியில் தீ வைத்தால், கொஞ்ச நேரத்தில் ஓட்டுக்குள் இருக்கும் எண்ணெய் பொங்கி வெளியே வந்து தானே பற்றிக்கொள்ளும். கரும்புகை எழும். பக்குவம் பார்த்து வெளியே கொட்டி, தீயை அணைத்து, ஒவ்வொன்றாகத் தட்டி உடைக்க வேண்டும். ஒரு நிமிஷம் முந்தினால் ஓடு உடையாது. ஒரு நிமிஷம் பிந்தினால் பருப்பு கருகிவிடும். அங்கே ஒரு வயதான அம்மாளிடம் கேட்டேன்:

"இந்த எண்ணெயைத் தனியா எடுத்து வைக்கிறதில்லையா, அம்மா?"

"அந்தச் சனியனை எடுத்து என்ன பண்றது, தம்பி? எரியறதுக்கு அதுதானே வெறகு?"

இந்தக் கணக்கில் தப்புச் சொல்ல முடியாது. விறகு வாங்கக் காசு வேண்டும். எண்ணெய் கொட்டையோடு வருகிறது. ஆனால் அந்த அம்மாள் பேசிக்கொண்டே காட்டிய விரல்களைப் பார்த்தேன். நுனியெல்லாம் கறுத்து, தோல் உரிந்து, ரேகை தெரியாமல் தேய்ந்திருந்தன. சாம்பலைத் தொட்டுக்கொண்டு உடைப்பார்கள்; ஆமணக்கெண்ணெய் கிடைத்தால் அதைத் தடவிக்கொள்வார்கள். அவ்வளவுதான் காப்பு.

அந்த ஓட்டை அறுத்துப் பார்த்தால், தேன்கூடு மாதிரி கண்ணறைகள். ஒவ்வொரு கண்ணறையிலும் எண்ணெய். கொட்டையின் எடையில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கு அந்த எண்ணெய்தான் என்று கணக்கு. பூச்சி புழு அண்டாமல் விதையைக் காப்பாற்ற மரம் செய்துகொண்ட ஏற்பாடு. கேரளக் கரையில் வலைக்கும் படகுக்கும் இந்த எண்ணெயைப் பூசினார்கள். மரத்தைக் கரையான் அரிக்காமல் இருக்கவும் பூசினார்கள். ஆராய்ச்சிக்கூடம் எதுவும் சொல்லாமலே, இது அழுகலைத் தடுக்கும், காய்ந்தால் இறுகும் என்ற இரண்டையும் செம்படவர்கள் அறிந்திருந்தார்கள்.

இனி இறுகுதல் என்ற சங்கதிக்கு வருவோம். இதைப் புரிந்துகொள்ள ரசாயனப் புத்தகம் வேண்டாம். கும்பகோணத்துக்குப் பக்கத்தில் சுவாமிமலைக்குப் போய் ஒரு ஸ்தபதியின் பட்டறையில் உட்கார்ந்தால் போதும். தேன்மெழுகும் குங்கிலியமும் எண்ணெயும் சேர்த்துக் காய்ச்சி, முதலில் மெழுகில் விக்கிரகத்தைச் செய்கிறார். சூடு காட்டினால் மெழுகு இளகும், ஆறினால் கெட்டியாகும், மறுபடி சூடு காட்டினால் மறுபடி இளகும். எத்தனை தடவை வேண்டுமானாலும். பிறகு அதன்மேல் காவேரி வண்டலைக் குழைத்து அப்புகிறார். காய்ந்தபின் தீயில் வைக்கிறார். மெழுகு உருகி ஓடிவிடுகிறது. மண்ணோ வெந்து இறுகிவிடுகிறது. அப்புறம் அதில் உருக்கிய உலோகத்தையே ஊற்றினாலும் கரையாது. உடைக்கலாம், மீண்டும் சேறாக்க முடியாது.

பிளாஸ்டிக் என்று நாம் பொதுவாகச் சொல்லுகிற பொருள்களிலும் இந்த இரண்டு ஜாதி உண்டு. குடமும் வாளியும் மெழுகு ஜாதி. அடுப்பருகே வைத்துவிட்டு அழுதவர்களுக்குத் தெரியும். மற்றது மண் ஜாதி. சிறு சிறு மூலக்கூறுகள் சூட்டில் ஒன்றோடொன்று கைகோத்து, நாலா பக்கமும் வலை பின்னிக்கொண்டு, கடைசியில் துண்டு முழுவதுமே ஒரே மூலக்கூறு மாதிரி ஆகிவிடும். அதற்கப்புறம் சூடு பட்டால் இளகாது. சூடு மிஞ்சினால் கருகும். பழைய வீடுகளில் இருந்த கறுப்பு மின்சார ஸ்விட்சு, குக்கரின் கைப்பிடி எல்லாம் இந்த இனம். அந்தக் கறுப்பு ஸ்விட்சின் பொருளுக்குப் பேக்லைட் என்று பெயர்.

பேக்லைட் உண்டான கதையிலும் நமக்கு ஒரு பங்கு இருக்கிறது. லியோ பேக்லாண்ட் பெல்ஜியத்தின் கெண்ட் நகரத்தில் 1863இல் பிறந்தவர். அமெரிக்காவுக்குப் போய், போட்டோ அச்சிடுகிற காகிதம் ஒன்றைக் கண்டுபிடித்து, அதை ஈஸ்ட்மன் கம்பெனிக்கு 1899இல் விற்றுப் பெரும் பணக்காரர் ஆனவர். அதற்கப்புறம் அவர் தேடியது அரக்குக்கு ஒரு மாற்று. அரக்கு எங்கிருந்து போயிற்று? பெரும்பாலும் நம் நாட்டுக் காடுகளிலிருந்து. மின்சாரம் பெருகப் பெருக, கம்பிக்குக் காப்பிடுவதற்கு அரக்கு ஏராளமாக வேண்டியிருந்தது. பூச்சி சுரந்து, மனிதன் சுரண்டி, கப்பலில் ஏற்றிப் போய்ச் சேரும் வரை மின்சார யுகம் காத்திருக்குமா?

பீனாலையும் பார்மால்டிஹைடையும் சேர்த்தால் பாத்திரத்தில் ஒட்டிக்கொண்டு வராத ஒரு கசடு உண்டாகிறது என்று 1872லேயே அடால்ஃப் பேயர் என்ற ஜெர்மானியர் எழுதியிருந்தார். அவருக்கு அது தொந்தரவு. பேக்லாண்டுக்கு அதுதான் புதையல். பாத்திரத்தை விட்டு வர மறுக்கிற பொருளைவிட உறுதியான பொருள் வேறு என்ன வேண்டும்? சூட்டோடு அழுத்தமும் கொடுத்தால் குமிழி விட்டுப் பொங்காமல் கல்லாக இறுகும் என்று அவர் கண்டார். 1907இல் அதற்கு உரிமை கேட்டு மனுப்போட்டார். 1909இல் உலகத்துக்கு அறிவித்தார்.

தனிப் பேக்லைட் நொறுங்கும். மரத்தூளோ துணியோ இழையோ சேர்த்து இறுக்கினால் நொறுங்காது. நம் குயவர்களும் கொத்தர்களும் மண்ணில் வைக்கோலும் உமியும் சேர்ப்பதன் சூட்சுமம் இதுதான். மண் அமுக்கத்தைத் தாங்கும். வைக்கோல் இழுப்பைத் தாங்கும். இரண்டு பொருளைச் சேர்த்து, தனியே எதற்கும் இல்லாத பலத்தை உண்டாக்குவதற்குக் கூட்டுப்பொருள் என்று பெயர். விமானம் செய்கிறவர்கள் காம்போசிட் என்பார்கள். வைக்கோலுக்குப் பதில் கண்ணாடி இழை, கார்பன் இழை. மண்ணுக்குப் பதில் பிசின். மற்றப்படி சுவர் எழுப்புகிற வேலைதான்.

இப்போது முந்திரிக்குத் திரும்பலாம். ஓட்டு எண்ணெயில் என்ன இருக்கிறது என்று 1847இல் ஷ்டேடலர் என்ற ஜெர்மானிய ரசாயனி பிரித்துப் பார்த்து, அனகார்டிக் அமிலம், கார்டால் என்று இரண்டு பொருளுக்குப் பெயர் வைத்தார். எண்ணெயை 180 டிகிரிக்கு மேல் காய்ச்சினால் அந்த அமிலம் கரியமிலவாயுவை விட்டுவிட்டுக் கார்டனால் என்ற பொருளாக மாறுகிறது. கார்டனால் வேறொன்றும் இல்லை. பீனாலுக்கு ஒரு நீண்ட வால் முளைத்தால் அதுதான் கார்டனால். பதினைந்து கரி அணுக்கள் கோத்த வால். தலை பேக்லாண்டின் பீனாலைப் போலவே பார்மால்டிஹைடோடு கைகோக்கும். வால் எண்ணெய் மாதிரி வழவழவென்று வளைந்து கொடுக்கும். தாருக்குள் இருந்து வடித்தெடுக்க வேண்டிய பொருளை மரம் கொட்டைக்குள் காய்ச்சி வைத்திருக்கிறது!

இதன் அருமையை முதலில் முழுதாக உணர்ந்தவர் அமெரிக்காவில், நியூ ஜெர்சி ராஜ்யத்து இர்விங்டன் என்ற ஊரில் ஒரு வார்னிஷ் கம்பெனியோடு சேர்ந்து வேலை செய்த மார்ட்டிமர் ஹார்வே என்பவர். கொல்லத்தில் முந்திரித் தொழில் பெருகி அமெரிக்காவுக்குப் பருப்பு போய்க்கொண்டிருந்த காலம். 1920களிலிருந்து அவர் இந்த எண்ணெயை என்னென்னவோ செய்து பார்த்துப் பேட்டன்ட் மேல் பேட்டன்டாகப் பதிந்துகொண்டிருந்தார். 1940இல் அவரும் கப்லான் என்பவரும் எழுதிய கட்டுரையை அந்தத் துறையில் இருப்பவர்கள் இன்றும் குறிப்பிடுகிறார்கள். கம்பிக் காப்பு, வார்னிஷ், சாயம் என்று பல உபயோகங்கள். அவற்றுள் எல்லாம் நிலைத்து நின்றது பிரேக்.

பிரேக்கின் பூர்வோத்தரமும் கேட்கத் தகுந்தது. இங்கிலாந்தில் டார்பிஷயர் மலைப்பக்கத்தில் வண்டிக்காரர்கள் இறக்கத்தில் போகும்போது, சக்கரத்தை அழுத்துகிற கட்டையில் பழைய பூட்ஸை ஆணியடித்து வைத்திருப்பதை ஹெர்பர்ட் ஃப்ரூட் என்பவர் கவனித்தார். பூட்ஸ் தோலின் பிடி கட்டைக்கு இல்லை. இதிலிருந்து யோசனை பிறந்து, 1897இல் பருத்தி நெசவைப் பதப்படுத்தி பிரேக்குக்குத் தோதான பட்டை செய்தார். தம் பெயரைப் புரட்டிப் போட்டு, அதில் மனைவி எலிசபெத்தின் முதல் எழுத்தையும் சேர்த்து, ஃபெரோடோ என்று அதற்குப் பெயரிட்டார். பருத்தி சூட்டில் கருகியது. 1908வாக்கில் ஆஸ்பெஸ்டாஸ் வந்தது. இழை கிடைத்தாயிற்று, இழைகளைச் சேர்த்துப் பிடிக்கப் பிசின் வேண்டாமா? அந்த இடத்தில்தான் பேக்லைட்டின் இனத்தாரும், 1930களிலிருந்து முந்திரி எண்ணெயும் வந்து சேர்ந்தார்கள்.

பிரேக்கின் உத்தியோகம் சாமானியமானது அல்ல. பத்து டன் எடையுள்ள பஸ் மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் வருகிறது; ஒரு ஆடு குறுக்கே பாய்கிறது. நம் டெல்டாவில் மலை இறக்கம் இல்லையே என்று நினைக்க வேண்டாம். சாலையில் நெல் காயப் போட்டிருப்பார்கள். ஆடும் மாடும் சைக்கிளும் எங்கிருந்தோ முளைக்கும். டிரைவர் பிரேக்கை மிதித்து வண்டியை நிறுத்தினால், அந்த ஓட்டத்தின் சக்தி முழுவதும் சூடாக மாறியாக வேண்டும். சுமார் நாலரை லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவரப் போதுமான சூடு. அவ்வளவும் சில விநாடிக்குள், கையகலப் பட்டைகளின் மேல் இறங்குகிறது. திரும்பத் திரும்ப மிதித்தால் பட்டையின் மேல்முகம் முந்நூறு டிகிரியைத் தாண்டும். மெழுகு ஜாதிப் பிளாஸ்டிக் இங்கே ஒரு நிமிஷம் நிற்காது, உருகி வழுக்கும். வெறும் பீனால் பிசின் நிற்கும், ஆனால் விறைப்பு. கிரீச்சிடும், வெடிக்கும்.

முந்திரிப் பிசினின் வால் இங்கேதான் கைகொடுக்கிறது. விறைப்பைத் தணிக்கிறது, சத்தத்தை விழுங்குகிறது. இன்னொரு தந்திரமும் உண்டு. எண்ணெயைப் பார்மால்டிஹைடு சேர்த்து முற்ற இறுக்கி, இடித்துத் தூளாக்கி, அந்தத் தூளைப் பட்டைக்குள் கலக்கிறார்கள். சூடு ஏறும்போது தூள் மேலாகக் கொஞ்சம் கொஞ்சமாகக் கருகி, உராய்வு ஒரே சீராக இருக்கும்படி பார்த்துக்கொள்கிறது. தான் தேய்ந்து, சக்கரத்தின் இரும்பு தேயாமல் காக்கிறது. பட்டை செய்கிற தொழிலில் இதற்கு உராய்வுத் தூள் என்று பெயர். உலகம் முழுவதும் இன்றைக்கும் முந்திரி எண்ணெய்க்கு உள்ள முக்கியமான வேலைகளில் இது ஒன்று. ஆஸ்பெஸ்டாஸ் நுரையீரலைக் கெடுப்பது என்று தெளிவாகி, பல தேசங்கள் அதை விலக்கிய பிறகு கண்ணாடி இழையும் அராமிட் இழையும் வந்தன. இழை மாறிற்று, முந்திரித் தூள் மாறவில்லை. சென்னையில் 1964இல் ரானே, 1974இல் சுந்தரம் என்று பிரேக் லைனிங் தொழிற்சாலைகள் எழுந்தன. செம்மண் மேட்டுக் கொட்டையின் எண்ணெய்க்கு ஒரு மார்க்கெட் நம் ராஜதானியிலேயே ஏற்பட்டுவிட்டது.

முந்திரியை அளவுக்கு மீறிப் புகழவும் கூடாது. பஸ்ஸுக்குப் போதும், ஜெட் விமானத்தின் எஞ்ஜினுக்குப் பக்கத்தில் வைத்தால் போதாது. பிரேக்கில் உதவுகிற அதே வால் அங்கே எமனாகிவிடும். நீளமான வால்தான் சூட்டில் முதலில் அறுந்து போவது. விமானத்தின் இறக்கைக்கு எப்பாக்ஸிப் பிசின் சரிப்படும். நம் தேஜஸ் விமானம், 2001 ஜனவரி 4ஆம் தேதி முதன்முதலாகப் பறந்ததே, அதன் உடலில் பெரும்பகுதி கார்பன் இழைக் கூட்டுப்பொருள். எஞ்ஜினை நெருங்க நெருங்க வேறு பிசின்கள் வேண்டும். அமெரிக்காவில் கிளீவ்லாண்ட் நகரத்திலுள்ள நாஸா கூடத்தில், 1970களின் தொடக்கத்தில் டிட்டோ செராஃபினியும் அவருடைய கூட்டாளிகளும் பி.எம்.ஆர்.-15 என்ற பாலிஇமைடுப் பிசினைச் செய்தார்கள். 280 டிகிரிக்கு மேல் ஆயிரக்கணக்கான மணி நேரம் தாங்கக்கூடியது. எஃப்-404 என்ற ஜெட் எஞ்ஜினின் வெளிக்குழாயை டைட்டானியத்துக்குப் பதில் இந்தப் பிசினாலும் கார்பன் இழையாலும் செய்தார்கள். தேஜஸில் இருப்பதும் அந்த எஞ்ஜின் இனந்தான்.

ஆனால் அந்தப் பிசினுக்குள்ளும் ஒரு சேராங்கொட்டை ஒளிந்திருந்தது. அதைச் செய்யத் தேவையான மூலப்பொருள்களில் மெதிலின் டையனிலின் என்று ஒன்று. ஈரலைக் கெடுப்பது, புற்றுநோய் உண்டாக்கலாம் என்று சந்தேகிக்கப்படுவது. எப்பாக்ஸியை இறுகவைக்கவும் இதே சரக்கு உதவும். 1965இல் இங்கிலாந்தில் எப்பிங் என்ற ஊரில் 84 பேருக்குத் திடீரென்று மஞ்சள் காமாலை வந்தது. காரணம் தேடிப் பார்த்தால், வண்டியில் கொண்டுபோகும்போது இந்தச் சரக்கு சிந்தி மாவு மூட்டையில் ஊறியிருந்தது. அந்த மாவில் சுட்ட ரொட்டியைத்தான் அவர்கள் சாப்பிட்டிருந்தார்கள். பி.எம்.ஆர்.-15ஐக் கையாளுகிற தொழிலாளிகளுக்கு ஆபத்து என்று தெரிந்தவுடன், அந்த ஒரு மூலப்பொருளை மாற்றி வேறு பிசின் செய்யப் பல வருஷம் பாடுபட்டார்கள், பணத்தையும் செலவழித்தார்கள். இதைப் படித்தபோது எனக்கு அந்தச் சாலையோரத்து விரல்கள்தாம் ஞாபகம் வந்தன. முந்திரி எண்ணெய் கையைப் பொத்துப்போகச் செய்யும் என்பது 1847க்கு முன்பே தெரியும். கொட்டை உடைக்கிறவளுக்காக எந்த நாஸா கூடம் மாற்றுத் தேடிற்று? மூளையை உபயோகிப்பதிலும் ஜாதி வித்தியாசம் பார்க்கிறது உலகம்.

சூட்டின் உச்சியைச் சொல்லாமல் விட்டால் குறையாகும். தும்பாவில் ராக்கெட் நிலையம் தொடங்கிய காலத்தில், 1963இல் முதல் ராக்கெட் எழும்பியதற்குப் பின்னான வருஷங்களில், இழைக் கூட்டுப்பொருள் வேலையை அங்கே வளர்த்தவர்களில் ஒருவர் அப்துல் கலாம். ராமேசுவரத்துப் பிள்ளை, திருச்சி செயின்ட் ஜோசப் கல்லூரியில் படித்தவர். ராக்கெட்டின் வாலில் தீ சீறுகிற குழலுக்கு உள்பூச்சாகப் பீனால் பிசினையும் இழையையும் வைப்பார்கள். ஆயிரக்கணக்கான டிகிரியில் எந்தப் பிசின் பிழைக்கும்? பிழைப்பதில்லை. கருகுகிறது. ஆனால் கருகலே கவசம். அடிப்பிடித்த பால் பாத்திரத்தைத் தேய்த்தவர்களுக்குக் கருகல் எவ்வளவு பிடிவாதமானது என்று தெரியும். பீனால் பிசின் காற்றில்லாமல் வெந்தால் தன் எடையில் ஏறத்தாழப் பாதியைக் கெட்டிக் கரியாக விட்டுவிட்டுப் போகிறது. கார்பன் இழைத் துணியில் இத்தகைய பிசினை ஊட்டிச் சுட்டு, மறுபடி ஊட்டி, மறுபடி சுட்டுக் கரிக்குள் கரியாகச் செய்வதுதான் கார்பன்-கார்பன் என்கிற பொருள். 1989 மே 22ஆம் தேதி சண்டிப்பூரிலிருந்து அக்னி எழும்பித் திரும்பக் காற்று மண்டலத்துக்குள் பாய்ந்தபோது அதன் முகத்தைக் காத்தது அந்த இனத்துக் கவசம்.

திருவனந்தபுரத்தில், தும்பாவுக்கு அருகிலேயே உள்ள அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில், கார்டனாலை வைத்து நெருப்புப் பற்றாத பிசின்களைச் செய்ய நீண்ட காலம் வேலை நடந்தது. வாலைச் சுருக்கியும், தலையில் வேறு கண்ணிகளைப் பூட்டியும் முந்திரிப் பிசினை இன்னும் அதிகச் சூடு தாங்க வைக்க முடியுமா என்று பல தேசங்களிலும் பார்த்து வருகிறார்கள். பென்சாக்ஸசீன் என்ற புது இனப் பிசின்களைக் கார்டனாலிலிருந்து செய்துமிருக்கிறார்கள். பெட்ரோலியத்தைத் தோண்டாமல் மரத்திலிருந்தே பிசின் கிடைத்தால் நல்லது என்ற ஆசை இப்போது வெளிநாட்டார்க்கு அதிகம். நாம் அந்த மரத்தின் நிழலில் உட்கார்ந்திருக்கிறோம்.

உட்கார்ந்திருந்தோம் என்றுதான் ஒரு காலத்துக்குச் சொல்ல வேண்டியிருந்தது. 2011 டிசம்பர் 30ஆம் தேதி தானே புயல் கடலூர் ஜில்லாவில் கரை ஏறிப் பண்ருட்டிப் பக்கத்து முந்திரிக் காடுகளை வேரோடு சாய்த்தது. 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா. ஒரத்தநாடு, பட்டுக்கோட்டை, பேராவூரணி என்று தென்னை விழுந்த கதை பத்திரிகைகளில் நிறைய வந்தது. தென்னைக்குச் சொந்தக்காரர்கள் உரக்கப் பேசக்கூடியவர்கள். பேசினார்கள், பேச வேண்டியதுதான். மேட்டில் விழுந்த முந்திரியைப் பற்றி அவ்வளவு பேச்சு எழவில்லை. கந்தர்வகோட்டை, ஆலங்குடிப் பக்கங்களில் பாட்டன் வைத்த மரங்கள் ஒரே இரவில் விறகாயின. மரம் போனால் கொட்டை போயிற்று. கொட்டை போனால் வறுக்கவும் உடைக்கவும் வருகிற பெண்களுக்குக் கூலி போயிற்று. கடலுக்கு அப்பால் ஆப்பிரிக்காவிலிருந்து மூட்டை மூட்டையாகக் கொட்டை வந்து இறங்குகிறது. பெரிய ஆலைகளில் அதை நீராவியில் அவித்து, இயந்திரத்தில் உடைத்து, ஓட்டைச் செக்கு மாதிரி ஒரு யந்திரத்தில் பிழிந்து எண்ணெய் எடுத்து விற்கிறார்கள். புகையும் இல்லை; எண்ணெயும் வீணில்லை. சாலையோரத்து வாணலிக்கு அந்தப் பிழியும் யந்திரம் எட்டாத தூரத்தில் இருக்கிறது. ஓரிரண்டு கிராமங்கள் சேர்ந்து ஓட்டைக் கொடுத்து ஒரு யந்திரத்தில் பிழிந்துகொண்டால் எட்டாமலும் போகாது. ஆலைக்காரர்கள் விற்கிற அதே எண்ணெய்தான். அதே பிரேக்குக்குத்தான் போகும்.

விருத்தாசலம் ஆராய்ச்சி நிலையத்தில் தேர்ந்தெடுத்த வி.ஆர்.ஐ.-3 என்ற ரகத்தின் ஒட்டுக் கன்றுகளைப் புயலுக்குப் பிறகு மேட்டில் வைத்தவர்கள் உண்டு. விதை போட்டு முளைத்த மரத்தைப் போல் நெடுங்காலம் காக்க வைக்காமல் மூன்றாம் வருஷமே காய்க்கத் தொடங்குகிற ரகம் அது. தை, மாசியில் பூக்கிறது. பங்குனி, சித்திரை வெயிலில் பழம் மஞ்சளும் சிவப்புமாகத் தொங்க, அதன் அடியில் சாம்பல் நிறக் கொட்டை முந்திக்கொண்டு நிற்கிறது.